பெயர் தெரியாத சிற்பி, முதல் தரம்

அல்லூவின் வீட்டு வாசலில் நீலப் பலகை ஏறிய அன்று லூக்குவுக்கு ஃபுட்டு தொண்டையில் இறங்கவில்லை. கிழங்கை அவித்து, இடித்து, உருட்டி, கத்தரிக்காய்க் குழம்பில் தோய்த்து வாயில் போட்டால் மெல்லாமலே போய்ச் சேரவேண்டிய பண்டம் அது. அன்று பாதி வழியில் நின்று அடம்பிடித்தது.

“குழம்புல உப்பு கூடிப்போச்சா?” என்று கேட்டாள் அவன் மனைவி அமெனன்.

“உப்பு சரியாத்தான் இருக்கு. ஊர்லதான் பலகை ஒண்ணு கூடிப்போச்சு.”

பலகை ஓர் ஆள் அகலம் இருந்தது. வெள்ளை எழுத்தில், ‘அல்லூ பிரூ. பெயர் தெரியாத சிற்பி. முதல் தரம்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘தேசிய மரச்சிற்ப மெய்ம்மை வாரியம், புவாக்கே.’ அல்லூ அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அஸ்ரேக்ரோ என்ற அந்த ஊரில் மரம் செதுக்குகிறவர்கள் இரண்டே பேர். லூக்கு செய்த சிலையைத் தேடி இருபது ஊரிலிருந்து ஆள் வரும். அல்லூ செய்த சிலைக்குக் கால்கள் பப்பாளிக்காய் மாதிரி உப்பியிருக்கும், முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி ஒரு பக்கம் இழுத்திருக்கும். சீப்பு மட்டும் நன்றாகச் செய்வான். பல் ஒன்று பிசகாது. இதை லூக்கு வாய்விட்டுச் சொன்னதில்லை. அமெனன் தன் தலையில் அல்லூவின் சீப்பைச் செருகிக்கொண்டு வந்தால் அவன் வேறு பக்கம் பார்த்துக்கொள்வான்.

அல்லூ பெயர் தெரியாதவன் ஆனது இப்படித்தான். வாரியத்திலிருந்து கண்காணிப்பாளர் யோபுவே என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்து, முச்சந்தியில் வாழைக்காய் பொரிக்கும் அஃபுவேயிடம், “அல்லூங்கிற சிற்பி வீடு எது?” என்று கேட்டிருக்கிறார். அல்லூவின் ஆடு அதற்கு முந்தின நாள்தான் அஃபுவேயின் வாழைத்தாரைத் தின்று தீர்த்திருந்தது. “அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியவே தெரியாது. தெரியவும் வேண்டாம்” என்று அவள் சொல்லிவிட்டாள். யோபுவே அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். பத்தாம் நாள் பலகை வந்தது.

“என்னை அந்த ஆட்டுக்காரனுக்குக் கீழ வச்சிட்டாங்க, அமெனன்.”

“உன்னை எங்கயுமே வைக்கல. வச்சாத்தானே கீழ மேலன்னு பேச.”

அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். லூக்குவுக்கு வயிறு இன்னும் எரிந்தது. அந்த வாரமே பள்ளிக்கூட வாத்தியார், பிறக்குமுன் இருந்த அந்த உலகத்தில் விட்டுவந்த தன் மனைவியின் சிலையை அல்லூவிடம் செய்யக் கொடுத்தார். பலகை உள்ள இடத்தில் வேலை சுத்தமாக இருக்கும் என்று அவருக்கு எண்ணம். சிலை வந்து மூன்றாம் நாள் வாத்தியாரின் மோட்டார் சைக்கிள் சங்கிலி அறுந்தது, ஏழாம் நாள் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பப்பாளிக் காலோடு தன்னைச் செய்து வைத்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

நாம் பிறந்து வருவதற்கு முன் இருந்த உலகத்தில் எல்லாருக்கும் ஒரு துணை உண்டு; விட்டுவிட்டு வந்துவிடுகிறோம், அவர்கள் விடுவதில்லை. லூக்குவின் அந்த உலகத்துக்காரியும் விடவில்லை. இருபது வருடத்துக்கு முன் அவனுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சலும் கைநடுக்கமும் வந்தபோது குறிகாரி சொன்னாள்: “அவளுக்குப் பொறாமை. உருவம் செஞ்சு வீட்ல வை. வாரத்துல ஒரு ராத்திரி அவளுக்குன்னு ஒதுக்கு.” வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. லூக்கு மூன்று மாதம் செதுக்கினான். முழங்கை உயரம்தான். சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி, கறுப்பேற்றி, கடைசியாகக் கண்ணிமையை வெட்டினான். பாதி மூடிய இமை. தூங்கப் போகிறாளா, உன்னைக் கவனிக்கிறாளா என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து வியாழன்தோறும் அவன் அவளோடு தனியாகப் படுத்தான். அமெனன் பக்கத்து அறையில் புரண்டு புரண்டு படுத்தாள். சிலைக்கு அவள் வைத்த பெயர் மரச்சக்களத்தி.

லூக்கு, வாரியம் இருக்கும் புவாக்கே நகரத்துக்குப் போவதென்று முடிவெடுத்தான்.

வாரியத்தின் அலுவலகம் மூன்று மாடி. கீழ் மாடியில் பெயர் கொடுத்துவிட்டு, மேல் மாடிக்குப் போய் விண்ணப்பிக்கவேண்டும். மேலே மடாம் தானோ இருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வைத்திருந்தாள்.

“என்ன வேணும்?”

“பெயர் தெரியாத சிற்பி ஆகணும்மா. முதல் தரம்.”

“பேரு?”

“லூக்கு நுகெஸ்ஸான்.”

மடாம் தானோ பேனாவைக் கீழே வைத்தாள். “போயிட்டு வாங்க.”

“ஏம்மா?”

“இப்பத்தானே பேரு சொன்னீங்க? எனக்குத் தெரிஞ்சு போச்சே.”

லூக்கு வெளியே போய், பத்து நிமிடம் நின்று, மறுபடி உள்ளே வந்தான். இந்த முறை பெயரைக் கேட்டபோது தெரியாது என்றான். மடாம் தானோவின் முகம் மலர்ந்தது. “இப்படி வாங்க வழிக்கு” என்று, அல்லூவுக்குப் பிறகு விதிகளைக் கடுமையாக்கி அச்சடித்த புதுப் படிவத்தை எடுத்தாள். முதல் பக்கத்தில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடவேண்டும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் யாரும் படிக்கும்படி போடக்கூடாது. நடுவில், விண்ணப்பதாரரைத் தெரியாது என்று மூன்று பேர் சாட்சி சொல்லவேண்டும்.

“யாருன்னு தெரியாத ஆளுங்க வந்து சாட்சி சொன்னாப் போதுமா?”

“அது எப்படிங்க போதும்? அவங்க உங்க முகத்தைப் பாத்து, ‘ஆமா, இவரைத்தான் எங்களுக்குத் தெரியாது’ன்னு அடையாளம் காட்டணும். வேற யாரையாவது தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டா?”

அது நியாயமாகத்தான் பட்டது. லூக்கு தலையை ஆட்டினான்.

இயக்குநர் எஹூமன் புதிதாக வந்தவர்களுக்குப் பதினொரு மணிக்கு உரை நிகழ்த்துவார். அன்று வந்திருந்தது லூக்கு ஒருவன்தான். இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, லூக்குவின் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துப் பேசினார்.

“அன்பர்களே! அரசு செலவில் நான் ஏழு நாடுகளுக்குப் போனேன். ஏழிலும் அருங்காட்சியகம் பார்த்தேன். நம் சிலைகள் கண்ணாடிக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் என்ன எழுதியிருக்கிறது? ‘சிற்பி: பெயர் தெரியவில்லை.’ இருநூற்றுப் பன்னிரண்டு சிலைகள், அத்தனையும் பெயர் தெரியாதவர் செய்தவை! பெயர் தெரிந்தவன் செய்த சிலை ஒன்றுகூட அங்கே இல்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? நம் தலைசிறந்த சிற்பிகளுக்கு ஒரே ஒரு தகுதிதான் இருந்திருக்கிறது. அந்தத் தகுதி இன்று அழிந்துவருகிறது. ஊருக்கு ஊர் சிற்பியின் பெயரைக் குழந்தைகூடச் சொல்கிறது. இந்த அவலத்தைப் போக்கவே வாரியம் பிறந்தது. சிலர் கேட்கிறார்கள், சிலையைப் பார்த்துத் தரம் சொல்லக்கூடாதா என்று. என்னிடம் நாற்பது ஊழியர்கள் இருக்கிறார்கள். சிலையைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் பதிவேட்டைப் பார்க்க நாற்பது பேருக்கும் தெரியும். இருப்பதைக் கொண்டுதானே தேசத்துக்குத் தொண்டு செய்ய முடியும்?”

சொல்லி முடித்துத் தானே கைதட்டிக்கொண்டார். லூக்குவும் தட்டினான்.

படிவத்தின் கடைசி விதியை மடாம் தானோ விரல் வைத்துக் காட்டினாள். விண்ணப்பதாரர் விற்பனைக்கு அல்லாமல் செய்த, வழிபாட்டிலோ வீட்டிலோ புழங்கிய சிலை ஒன்றை வாரியத்தில் ஒப்படைக்கவேண்டும். பிறகு தொண்ணூறு நாள், ஊரில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்கக்கூடாது. கண்காணிப்பாளர் ஊரிலேயே தங்கிக் குறிப்பெடுப்பார். தொண்ணூறாம் நாள் அரங்கில் சிலையை வைத்து, செய்தவரைத் தெரிந்தவர் உண்டா என்று மூன்று முறை கேட்பார்கள். யாரும் வாய் திறக்கவில்லை என்றால் பலகை.

வீட்டில் விற்பனைக்கு இல்லாத சிலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. லூக்கு இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் அல்லூ பலகையைத் துணியால் துடைப்பதைப் பார்த்தான். யோசனை அத்தோடு முடிந்தது.

“அவளைக் கொஞ்ச நாள் புவாக்கேயில விட்டுட்டு வரலாம்னு...” என்று அமெனனிடம் இழுத்தான்.

அமெனன் பாதிப் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டு எழுந்தாள். சிலையைப் பழைய துணியில் சுற்றினாள். கயிற்றால் குறுக்கே இரண்டு கட்டு, நெடுக்கே மூன்று கட்டு போட்டாள். “வேன்ல ஜன்னல் ஓரமா வச்சுக்க. விழுந்தாலும் பரவாயில்ல” என்றாள். இருபது வருடத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை.

யோபுவே வந்து சேர்ந்தார். சந்தனச் சோப்பு வாசனையும் தேய்த்த சட்டையுமாக இருந்தார். ஊர்த்தலைவர் எல்லாரையும் கூட்டி, “இன்னையிலிருந்து லூக்குவை யாருக்கும் தெரியாது. நம்ம ஊருக்கு இன்னொரு பலகை வருது, கெடுத்துறாதீங்க” என்று சொல்லிவைத்திருந்தார். ஊர் அதை எவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொள்ளும் என்று லூக்கு நினைக்கவில்லை. முகத்துக்கு நேரே ஒருவனைத் தெரியாது என்று சொல்ல அரசாங்கமே அனுமதி கொடுத்தால் யார் விடுவார்கள்?

முதல் சாட்சி அஃபுவே. “இவரா? தெரியாது. பாத்தா வாழைக்காய் வாங்கிட்டு அப்புறமா தரேன்னு சொல்ற ஆள் மாதிரி இருக்கு.” இரண்டாவது சாட்சி வாத்தியார். கழுத்தைத் திருப்ப முடியாததால் லூக்குவை அவர் பார்க்கவே இல்லை. அதற்குக் கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. மூன்றாவது சாட்சி அமெனன்.

“அம்மா, இந்த நபரை உங்களுக்குத் தெரியுமா?”

அமெனன் லூக்குவை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

“தெரியாதுங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பக்கத்துல எப்பவாவது பாத்திருக்கீங்களா?”

“வியாழக்கிழமை எங்க இருப்பாருன்னு தெரியும். மத்தபடி இந்த மனுஷனை நான் தெரிஞ்சுக்கவே இல்ல. இருபது வருஷமாச்சு.”

யோபுவே, ‘மிகச் சிறப்பு’ என்று எழுதினார்.

சாட்சி முடிந்ததும் லூக்கு பழக்கத்தில் வீட்டுக்குள் போகப் பார்த்தான். அமெனன் வாசலை அடைத்து நின்றாள். “யாருங்க? என்ன வேணும்?” லூக்கு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் யோபுவே குறிப்பேட்டோடு நின்றார். லூக்கு சிற்பக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். சாப்பாட்டு வேளைக்கு, “வழிப்போக்கருக்கு” என்று ஒரு தட்டு வந்தது. அதில் மீன் இல்லை.

மீன் எங்கே போயிற்று என்பது நாலாம் நாள் தெரிந்தது. யோபுவே தங்க ஊரில் சத்திரம் கிடையாது. கணவன் யார் என்றே தெரியாத வீட்டில் அரசு ஊழியர் சாப்பிடுவதில் தவறில்லை என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டாராம். லூக்கு கொட்டகையிலிருந்து பார்த்தான். அமெனன் யோபுவேயின் தட்டில் ஃபுட்டுவை உருண்டையாக வைத்து, நடுவில் குழி பண்ணி, குழம்பு ஊற்றி, மேலே கெளுத்தித் தலையை வைத்தாள். கெளுத்தித் தலை! கல்யாணம் ஆன நாளிலிருந்து அது அவனுடையது.

“மடாம், உங்க கை மணம் புவாக்கேயில கிடைக்காது.”

“சும்மா சொல்லாதீங்க. இந்த வீட்ல யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்ல.”

லூக்குவுக்கு நெஞ்சு எரிந்தது. அல்லூவின் பலகையைப் பார்த்து எரிந்தது மேல் வயிறு. இது அதற்கும் உள்ளே எங்கேயோ. எழுந்து போய் ஒரு அறை விடலாம் என்று மரம் செதுக்கும் வாய்ச்சியைக் கீழே வைத்தான். ஆனால் போய் என்ன என்று சொல்வது? அவன் யார்?

இருபதாம் நாள் போல, ஊற்றுக்குப் போகும் வழியில் அவனும் அல்லூவும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். அல்லூவும் முதல் தரத்தைக் காப்பாற்றவேண்டிய ஆள். கண்காணிப்பாளர் முன்னால் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது. யோபுவே பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் நின்றார்கள்.

“ஐயா எந்த ஊரோ?” என்றான் அல்லூ.

“பக்கத்துலதான். ஐயா?”

“நானும் பக்கத்துலதான். இந்த ஊர்ல லூக்குன்னு ஒருத்தன் இருந்தானாமே, கேள்விப்பட்டிருக்கீங்களா? ஊரெல்லாம் பேர் எடுத்தவனாம். இப்ப தன் வீட்டுக் குழம்பு வாசனையை வேலிக்கு வெளிய நின்னு மோந்துக்கிட்டு இருக்கானாம்.”

“அவனை எனக்குத் தெரியாதுங்க. ஆனா அல்லூன்னு ஒருத்தனைப் பத்திக் கேள்விப்பட்டேன். வாத்தியாருக்கு ஒரு பொம்பளை செஞ்சு கொடுத்தானாம். அந்தப் பொம்பளையைப் பாத்துட்டு வாத்தியாரோட ஆடு சினை கலைஞ்சு போச்சாம்.”

“அப்படியா? அந்த அல்லூ முதல் தரமாமே.”

“ஆமா, தரம் தெரியாதவங்க கொடுத்தது.”

அல்லூவின் மூக்கு விடைத்தது. யோபுவே நெருங்கி வந்து, “ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியுமா?” என்றார்.

“சேச்சே!” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

நாற்பதாம் நாள் வாய்ச்சி நழுவி லூக்குவின் கட்டைவிரலில் விழுந்தது. நாற்பத்திரண்டாம் நாள் கொட்டகையில் கறையான் ஏறியது. நாற்பத்தைந்தாம் நாள் பழைய காய்ச்சல் வந்தது. கைநடுக்கமும் கூடவே வந்தது. குறிகாரியிடம் போனான். அவள் அவனைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, சுவரிடம் சொன்னாள்: “யாரோ ஒருத்தன் கட்டினவளைக் கயித்துல கட்டி கவர்மெண்டுக்குக் கொடுத்துட்டு வந்திருக்கான். ஆறு வியாழக்கிழமை போச்சு. அவ கோவமா இருக்கா. இங்க இருக்கிறவளும் கோவமா இருக்கா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல.”

லூக்கு காய்ச்சலோடு புவாக்கேக்கு ஓடினான். வாரியத்தில் அவளுக்கு நாற்பத்தேழு என்று எண் ஒட்டியிருந்தார்கள்.

“நாற்பத்தேழாம் எண் காட்சிப்பொருளை ஒரு ராத்திரி பாக்கணும்மா. வியாழக்கிழமை.”

மடாம் தானோ படிவங்களைப் புரட்டினாள். “காட்சிப்பொருளோட என்ன உறவு?”

“சம்சாரம்.”

“திருமணச் சான்றிதழ்?”

“பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்த கல்யாணம்மா.”

“அந்த வருஷப் பதிவேடு எங்கிட்ட இல்லையே.” அவளுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு ஏதோ தோன்றி, முகம் மாறியது. “ஒண்ணு கேக்கிறேன். அந்தச் சிலைக்கு உங்களைத் தெரியுமா?”

லூக்கு வாயைத் திறந்தான். தெரியும் என்றால் நாற்பத்தைந்து நாளும் பாழ். தெரியாது என்றால் மூன்று மாதம் செதுக்கி, இருபது வருடம் பக்கத்தில் படுத்தும் அவளுக்கு அவனைத் தெரியாது என்று ஆகிவிடும். அங்கே ஊரில் அல்லூவின் பலகை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

“தெரியாதும்மா” என்றான்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வேனில் அழுதான். பக்கத்தில் இருந்தவள், “என்னங்க ஆச்சு, யாரு நீங்க?” என்று கேட்டாள். அவனை உண்மையிலேயே தெரியாத வேற்றூர்க்காரிதான், அன்பாகத்தான் கேட்டாள். அவனுக்கு இன்னும் அழுகை வந்தது.

தொண்ணூறாம் நாள் அரங்கம் நிறைந்திருந்தது. ஏற்கெனவே பலகை வாங்கிய பெயர் தெரியாதவர்கள் முன்வரிசையில், தங்கள் பெயர் ஒட்டிய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அல்லூ புதுச் சட்டை போட்டிருந்தான். மேடையில் நாற்பத்தேழாம் எண் நின்றது. கட்டைப் பிரித்து, விளக்குப் போட்டிருந்தார்கள். லூக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இயக்குநர் எஹூமன் எழுந்தார். “இந்தச் சிலை மிக உயர்ந்தது என்று பதிவேடு சொல்கிறது. இதைச் செய்தவரை மனைவிக்குத் தெரியவில்லை, ஊருக்குத் தெரியவில்லை, சிலைக்கே தெரியவில்லை. வாரிய வரலாற்றில் இவ்வளவு முழுமையான விண்ணப்பம் வந்ததில்லை. முறைப்படி கேட்கிறேன். இதைச் செய்தவரைத் தெரிந்தவர் எவரேனும் உண்டா?”

முன்வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

“இரண்டாம் முறை. உண்டா?”

வாத்தியார் இருமினார். கழுத்துக்குத்தான்.

லூக்கு அல்லூவைப் பார்த்தான். அல்லூ சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரமாக அவன் வேறு எதையும் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, புதுச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு தானாக அசைந்தது.

“மூன்றாம் முறை, உண்...”

“எனக்குத் தெரியும்!” அல்லூ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “எப்படிய்யா தெரியாம இருக்கும்? அந்த இமையைப் பாருங்க! அப்படி ஒரு இமை வெட்ட இந்த உலகத்துல ஒரே ஒரு கைதான் இருக்கு. அந்த நாசமாப் போற லூக்குவோட கை! முப்பது வருஷமா நானும் வெட்டிப் பாக்குறேன். தூங்குற கண்ணு வருது, முழிக்கிற கண்ணு வருது, இது வரமாட்டேங்குது. ராத்திரியெல்லாம் அந்த இமைதான்யா என் கண்ணு முன்னாடி நிக்குது. இதைப் போய் யாருன்னு தெரியாதுன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போயிடும்!”

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று திகைத்து நின்றான். கெடுக்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது இதுதான்.

இயக்குநர் தலையில் கையை வைத்துக்கொண்டார். “ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. விண்ணப்பம் தள்ளுபடி. விண்ணப்பதாரர் ஏதும் சொல்ல விரும்புகிறாரா?”

லூக்குவின் காது ஜிவுஜிவு என்று சூடாகியிருந்தது. “ஐயா” என்றான். “அவரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க.”

“எதற்கு?”

“அந்தம்மா எழுதிக்கட்டும். பேரோட.”

மடாம் தானோ எழுதினாள். அல்லூ பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னான். நாசமாப் போற என்பதை இரண்டு முறை சொன்னான். லூக்கு கண்ணை மூடிக் கேட்டான்.

அப்போதுதான் யோபுவே கையைத் தூக்கினார். முதல் தரப் பெயர் தெரியாதவரான அல்லூ, ஒருவரைத் தெரியும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். எனில், இவரைத் தெரிந்தவரும் இருக்கக்கூடும் அல்லவா? இயக்குநர் லூக்குவின் பக்கம் திரும்பினார். “இந்த நபரை உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் நீலப் பலகை இறங்கும். தொண்ணூறு நாளாக, அதற்கு முன்பும், லூக்கு ஏங்கியது இதற்குத்தானே. அல்லூ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“தெரியும்” என்றான் லூக்கு. “இவன் அல்லூ. சிலை இவனுக்கு வராது, சாகுற வரைக்கும் வராது. ஆனா சீப்பு செஞ்சா இவன்தான். இருட்டுல கையில கொடுத்தாலும் சொல்லிடுவேன், இது அல்லூ சீப்புன்னு. என் வீட்டுக்காரி தலையிலயே ரெண்டு இருக்கு. நான் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்.”

அல்லூவின் தாடை தொங்கியது.

இரண்டு பேருக்கும் தலா ஒரு தாள் கிடைத்தது. சிவப்பு முத்திரையில், ‘தெரிந்தவர். தகுதியற்றவர்.’ பலகையைக் கழற்ற வாரியமே ஆள் அனுப்பும் என்றும், அதுவரை அல்லூ அதன் அடியில் உட்காரக்கூடாது என்றும் மடாம் தானோ சொன்னாள்.

வேனில் சிலையை நடுவில் உட்கார வைத்தார்கள். ஓட்டுநர் மூன்று டிக்கெட் கேட்டான்.

“அவ உன் பொண்டாட்டி, நீதான் கொடுக்கணும்” என்றான் அல்லூ.

“நீ அரைமணி நேரமா முறைச்சுப் பாத்தியே, நீ பாதி கொடு.”

“இமையை எப்படிடா வெட்டின? கத்தி நுனியா, விளிம்பா?”

“சொல்லமாட்டேன்.”

“நாசமாப் போ.”

அஸ்ரேக்ரோ வரும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். லூக்கு மட்டும் அவ்வப்போது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். காய்ச்சல் விட்டிருந்தது.

யோபுவே மோட்டார் சைக்கிளில் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்; அவர் பெட்டி வாசலில் கட்டித் தயாராக இருந்தது. அவர் தேய்த்த சட்டையோடு அதன் மேல் உட்கார்ந்து, பெட்டியை ஏற்றிவிட புவாக்கே வேனுக்குக் காத்திருந்தார். அமெனன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் அல்லூவின் சீப்பு. கை இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“யாரு?”

“உன் புருஷன்.”

“எப்படி நம்புறது?”

லூக்கு தாளை நீட்டினான். அவள் சிவப்பு முத்திரையை வாசித்தாள். தெரிந்தவர் என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு முறை வாசித்தாள். பிறகு அவன் கக்கத்தில் இருந்த துணி மூட்டையைப் பார்த்தாள்.

“இவளையும் கூட்டிட்டு வந்துட்டியா.”

“இன்னிக்கு வியாழக்கிழமை, அமெனன். அவளுக்குப் பதிமூணு வியாழன் பாக்கி. ரொம்பக் கோவமா இருக்கா.”

அமெனன் மூட்டையை வாங்கிப் பிரித்தாள். பாதி மூடிய அந்த இமையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே கொண்டுபோய் மூலையில், முகம் சுவரைப் பார்க்கும்படி உட்கார வைத்தாள்.

“அவளுக்குப் பதிமூணு” என்றாள். “எனக்குத் தொண்ணூறு. அவளை வரிசையில நிக்கச் சொல்லு.”

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவன் தட்டில் கெளுத்தித் தலை இருந்தது.